மிளகாய்க்கும் அனுமதிப்பத்திரமா?

கேள்வி ஒன்றை முதலில் எழுப்புகிறோம். கற்பிட்டி மணலில் விளைந்த நாலு கொச்சிக்காயைக் கமக்காரன் ஒருவன் கழுவித் துடைத்துக் கீறி, சட்டப்படி வரி செலுத்தி வாங்கிய சாராயப் போத்தலுக்குள் போட்டு மூடிவைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்து மிளகும், இரண்டு கராம்பும், ஒரு துண்டுக் கறுவாவும் சேர்க்கிறான். அவன் அதை எவருக்கும் விற்கவில்லை. தெருவில் வைத்துக் கூவவுமில்லை. சொந்த வீட்டில், சொந்தப் பணத்தில், சொந்தத் தோட்டத்துச் சரக்கைக் கொண்டு செய்த காரியம் அது. அவன் செய்தது என்ன?

சமையல் என்பாள் வீட்டுக்காரி. கைமருந்து என்பார் பாட்டனார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவன் மதுவை 'உற்பத்தி' செய்துவிட்டான் என்பதே சட்டத்தின் தீர்ப்பு. அனுமதிப்பத்திரம் இன்றி உற்பத்தி செய்தவன் குற்றவாளி!

சிரிக்கத் தோன்றுகிறதா? சிரித்து முடித்த பின் தொடர்ந்து படியுங்கள். ஒரு மிளகாயைக் குற்றப்பொருளாக்கும் சட்டம், அந்த மிளகாயை விளைவித்தவனையும், தென்னம் பாளையைச் சீவுகிறவனையும், அவர்களுடைய கூட்டுறவையும் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது சிரிப்பு நில்லாது.

சட்டம் சொல்வது என்ன?

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டின் மதுவரி ஆட்சிக்கு அடிப்படையாக உள்ளது. அந்நியன் எழுதிய அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணப் பிரிவில் 'உற்பத்தி' என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட பொருளைப் பாருங்கள். மதுவை உண்டாக்கும் எல்லாச் செய்முறைகளும், அவை இயற்கையாயினும் செயற்கையாயினும், அதனுள் அடங்கும். மறுபடி வடித்தல் அடங்கும். அதோடு நில்லாமல், தூய்மையாக்கல், மணமூட்டல், கலத்தல், நிறமூட்டல் ஆகியவையும் அதற்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

மணமூட்டல்! கொச்சிக்காயும் கறுவாவும் சாராயத்திற்குள் சென்று செய்யும் வேலை அதுவன்றி வேறென்ன? ஆயிரக்கணக்கான கலன் கொள்ளும் வடிசாலையை நடத்தும் முதலாளியும், ஒரு போத்தலுக்குள் நாலு மிளகாய் போட்ட கமக்காரனும் ஒரே சொல்லின்கீழ் வருகிறார்கள். முதலாளியிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. கமக்காரனிடம் இல்லை. ஆகவே முதலாளி தொழிலதிபர், கமக்காரன் குற்றவாளி.

இந்தச் சொற்கள் தற்செயலாக வந்தவை அல்ல. பிரித்தானியர் இந்திய மாகாணங்களுக்கென எழுதிய ஆப்காரிச் சட்டங்களின் பரம்பரையில் வந்தவை. அக்காலத்திலே மது வியாபாரிகள் மட்டமான சாராயத்திற்கு நிறமும் வாசனையும் ஏற்றி, விலையுயர்ந்த சரக்கென விற்று, வாங்குபவனையும் வரி அதிகாரியையும் ஒருங்கே ஏமாற்றினர். அவர்களைப் பிடிப்பதற்கு அந்த விரிந்த வலை தேவைப்பட்டது. சுறாவுக்கென வீசிய வலை! அதில் நெத்தலி அகப்படுமே என்பதைப் பற்றி ஏகாதிபத்தியத்திற்குக் கவலை இருக்கவில்லை. சுதந்திரம் பெற்ற நாட்டுப் பாராளுமன்றத்திற்கும் அந்தக் கவலை இல்லாதிருப்பதே நம் வினாவுக்குக் காரணம்.

எவருக்கு நட்டம்?

ஒரு செயலைச் சட்டம் தடுக்க வேண்டுமாயின் அதற்கு நியாயமான காரணம் ஒன்று வேண்டும். மதுவரிச் சட்டத்திற்குச் சொல்லத்தக்க காரணங்கள் இரண்டே: ஒன்று அரசாங்க வருமானம்; மற்றது மக்களின் உயிர்.

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். வடித்த மதுவுக்கு அரசாங்கம் தீர்வை அறவிடுவது அதிலுள்ள மதுசாரத்தை அளவாகக் கொண்டு. நம் கமக்காரன் கடையில் போத்தலை வாங்கிய அன்றே அந்தத் தீர்வை திறைசேரிக்குப் போய்விட்டது. மிளகாய் ஒரு துளி மதுசாரத்தையும் பிறப்பிப்பதில்லை. பச்சை மிளகாயிலும் இஞ்சியிலும் உள்ள நீர் இறங்குவதால் போத்தலின் வலு சற்றுக் குறையுமேயன்றிக் கூடாது. அரசாங்கத்திற்கு ஒரு சதமேனும் நட்டம் உண்டா? இல்லை.

இரண்டாவது, உயிர். மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் என்னும் பொருள் நீரில் எளிதிற் கரையாது; மதுசாரத்தில் நன்றாகக் கரையும். ஆதலால் உறைப்பு சில மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. மிளகு, கறுவா, கராம்பு ஆகியவற்றின் வாசனை எண்ணெய்கள் சில நாள்களில் இறங்கும். பிறகு வடிகட்டி எடுத்தால் வேலை முடிந்தது. அடுப்பு இல்லை, கொதிகலன் இல்லை, ஆவி இல்லை, வெடிப்பு இல்லை. புதிதாக நஞ்சு ஒன்றும் பிறக்கவில்லை. உறைப்புத் தாங்காதவன் வயிறு எரியும் என்பது உண்மை. ஆனால் வயிற்றெரிவைத் தண்டிப்பதற்கு நீதவான் நீதிமன்றம் தேவையில்லை.

ஆக, வரியும் போகவில்லை, உயிரும் போகவில்லை. பின் எதைக் காக்கிறது இந்தச் சட்டம்?

யாரைக் காக்கிறது?

விடை வரலாற்றில் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலே இந்தக் கரையோரத்தில் சாராயம் குத்தகைக்கு விடப்பட்டது. பிரித்தானியர் அந்தக் குத்தகையைக் கைவிடாது பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நடத்தினர். ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் ஏகபோகத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் பெருஞ்செல்வர் ஆயினர். இந்நாட்டு முதலாளி வகுப்பின் மூலதனத்திற் கணிசமான பகுதி அந்தச் சாராயக் குத்தகையிலிருந்து பிறந்தது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மரம் ஏறியவன் மரத்திலேயே இருந்தான். ஏலம் எடுத்தவன் மாளிகை ஏறினான்.

1912ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குத்தகை முறையை ஒழித்து மதுவரித் திணைக்களத்தின் ஆட்சியைக் கொண்டுவந்தது. அதனோடு சேர்ந்து வந்த கள்ளுத் தவறணைகளுக்கு எதிராகப் பெரும் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற டி. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோரை 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அரசாங்கம் சிறையில் அடைத்தது. அவர்களுக்காக வாதாடிய பெருமகன் நம் சேர். பொன்னம்பலம் இராமநாதன் என்பதைச் சரித்திரம் மறக்கவில்லை. மதுவரி என்பது எக்காலத்தும் வெறும் வரியாக இருந்ததில்லை. அது அதிகாரத்தின் கருவியாகவே இருந்து வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சுதந்திரத்திற்குப் பின் என்ன நடந்தது? அரசின் கையிலிருந்த வடிசாலைத் தொழில் 1992இல் தனியாரிடம் சென்றது. இன்று பெரும் வடிசாலைகள் சிலவற்றின் கையில் சாராயச் சந்தை இருக்கிறது. குத்தகைக்காரனின் பெயர் மாறியிருக்கலாம். வாசலில் நிற்கும் காவலாளி மாறவில்லை. அந்தக் காவலாளியின் பெயர் அனுமதிப்பத்திரம்.

கொழும்பின் பெரிய ஹோட்டல்களின் மதுச்சாலைகளுக்குப் போய்ப் பாருங்கள். கறுவா ஊறிய சாராயம், இஞ்சி ஊறிய சாராயம், மிளகாய் ஊறிய சாராயம் என்று கண்ணாடிக் குவளையில் அழகாக ஊற்றி, வெளிநாட்டு விருந்தினருக்குப் புதுமையென்று கொடுக்கிறார்கள். அங்கே அது கலை. உல்லாசப் பயணத் துறையின் வளர்ச்சி. முந்தலிலும் மாரவிலயிலும் உள்ள வீட்டில் அதுவே 'உற்பத்தி'. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை வீட்டுப் படலையோடு நின்றுவிடுகிறதா?

வழக்குத் தொடரவில்லையே என்பார்க்கு

"வீட்டில் மிளகாய் போட்டவனை எந்த மதுவரி அதிகாரி பிடித்தான்? இல்லாத பேயை ஏன் விரட்டுகிறீர்கள்?" என்று கேட்பார் இருக்கலாம். சட்டம் அற்ப விடயங்களைப் பொருட்படுத்தாது என்னும் பழைய உரோமச் சட்ட முதுமொழியையும் சிலர் எடுத்துக் காட்டுவர்.

நாம் சொல்லும் மறுமொழி இது. பிடிக்காதிருப்பது அதிகாரியின் கருணை. பிடிக்க முடியாதிருப்பதே குடிமகனின் உரிமை. கருணையையும் உரிமையையும் ஒன்றெனக் கொள்பவன் அடிமைத்தனத்திற்குப் பழகிப்போனவன். அலமாரியில் உறங்கும் சட்டம் இறந்த சட்டம் அன்று. தேர்தலில் எதிர்த்து நின்றவன் வீட்டையும், இலஞ்சம் கொடுக்க மறுத்தவன் வீட்டையும் சோதனையிட வேண்டிய நாளிலே அது கண்விழிக்கும். தமிழ் பேசும் மக்களுக்கு உறங்கும் சட்டங்கள் விழித்தெழும் விதத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் தலைமுறைகள் அனுபவித்து அறிந்த பாடம் அது.

வர்த்தமானி அறிவித்தலால் சரிசெய்யலாம் என்பாரும் உளர். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்ததை நினைவுகூருங்கள். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு அறிவித்தலை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாள்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட, நீக்கம் மீளப்பெறப்பட்டது. திங்கட்கிழமை உரிமை, அடுத்த திங்கட்கிழமை குற்றம். அமைச்சரின் பேனாவால் வரும் உரிமை அமைச்சரின் பேனாவாலேயே போகும். ஆதலால் நாம் கேட்பது வர்த்தமானியை அன்று; பாராளுமன்றத்தின் சட்டத்திருத்தத்தை.

குடியை வளர்க்கிறோமா?

இவ்விடத்தில் மிக நேர்மையான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதனை மதிப்போடு எதிர்கொள்ள விரும்புகிறோம். புத்தளம் கரையோரத்தில் வாழும் நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் நோன்பிருந்து தீமிதிக்கும் அடியார்களும் அதை வெறுக்கிறார்கள். குடியால் சீரழிந்த குடும்பங்களைக் காணாத மீனவக் கிராமம் இல்லை. "இந்நிலையில் நீங்கள் சாராயத்திற்குச் சுவையூட்ட உரிமை கேட்கிறீர்களே!" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வோம்?

தாயே, குடிக்கச் சொல்லவில்லை. குடியாதவர் மேன்மையுற்றவர் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு மது விற்பதைத் தடுக்கிறது. மது விளம்பரத்தையும் தடுக்கிறது. அந்தத் தடைகள் நிற்கட்டும், இன்னும் இறுகட்டும். ஆனால் கடையில் போத்தல் வாங்குவதை அனுமதித்துவிட்டு, வாங்கிய போத்தலில் மிளகாய் போடுவதைத் தடுப்பதால் எந்தக் குடிகாரன் திருந்துவான்? போத்தலால் வரும் தீர்வை அரசாங்கத்திற்கு வேண்டும். மிளகாய் மட்டும் ஆகாதாம்! இது மதுவொழிப்பு அன்று. மதுவொழிப்பின் வேடம்.

உண்மையில் நம் மக்களைக் கொல்வது எது? கசிப்பு. களப்போரக் கண்டற் பற்றைகளிலே கோடாப் பீப்பாய்கள் கைப்பற்றப்பட்டன என்ற செய்தி இப்பிரதேசத்தார்க்குப் புதியதன்று. சட்டச் சாராயத்தின் விலை தீர்வையால் உயர உயர, கூலித்தொழிலாளி கசிப்பின் பக்கம் தள்ளப்படுகிறான். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெதனோல் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெதனோல் உடலுக்குள் சென்றால் போர்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைக் கெடுக்கும். பின் உயிரைப் பறிக்கும். அந்த மெதனோல் ஆலைகளுக்கென உற்பத்தியாகி, கள்ள வழியில் சாராயத்திற்குள் வருகிறது. எந்த மிளகாயிலிருந்தும் வருவதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கற்கவேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளிறக்கத் தடை இருக்கிறது. பனையிலும் தென்னையிலும் இயற்கையாய் ஊறும் கள்ளுக்குத் தடை. அரசாங்கமே நடத்தும் டாஸ்மாக் கடைகளில் ஆலைச் சரக்குக்கு வரவேற்பு. மரத்தை நம்பியவன் வீதிக்கு வந்தான், குடி குறைந்ததா? கேட்டுச் சொல்லுங்கள். இலங்கையிலோ மரம் சீவ அனுமதி உண்டு. ஆனால் மரமே இல்லாமல் சீனியையும் இரசாயனத்தையும் கரைத்துச் செய்யும் செயற்கைக் கள்ளு சந்தையில் புகுந்து, உண்மையான சீவல் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறது. மதுவரி அதிகாரிகளுக்கு ஓட வேண்டிய பாதை அது. மக்கள் வரிப்பணத்தில் ஓடும் வாகனம் கொச்சிக்காயைத் தேடி ஓட வேண்டியதில்லை.

உலகம் எப்படித் தீர்த்தது?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மதுச்சாலைக்காரர் பழமும் மிளகாயும் மூலிகையும் மதுவில் ஊறவைப்பதைப் பழைய சட்டம் 'திருத்தி வடித்தல்' என்ற கணக்கில் சேர்த்திருந்தது. அதிகாரிகள் அந்த விதியைத் தூசு தட்டி எடுத்தபோது எதிர்ப்பு எழுந்தது. அங்குள்ள சட்டமன்றம் 2011ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி, ஊறவைத்தலை அந்தக் கணக்கிலிருந்து நீக்கியது. வானம் இடிந்து விழவில்லை.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே சென்றது. தன் சொந்தப் பாவனைக்கு வீட்டிலேயே சாராயம் வடிப்பதை 1996இல் குற்றமில்லை என்று ஆக்கியது. விற்றால் மட்டுமே குற்றம். நாம் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. அடுப்பும் ஆவியும் அறியாதவன் கையில் ஆபத்து என்பதை அறிவோம். வடித்தலுக்கும் ஊறவைத்தலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சட்டம் காணட்டும் என்பதே நம் வாதம். உக்ரேனியன் தன் ஹொரில்காவில் மிளகாய் போடுகிறான். அது அந்நாட்டின் பெருமை. மிளகையும் கறுவாவையும் உலகுக்குக் கொடுத்த இந்தத் தீவில் அதே செயல் குற்றப்பட்டியலில் இருக்கிறது. இந்த வாசனைச் சரக்குகளுக்காகவே போர்த்துக்கேயன் வந்தான். அவற்றைக் காக்கவே ஒல்லாந்தன் கற்பிட்டியில் கோட்டை கட்டினான். கோட்டை பாழடைந்தது. அவன் விட்டுச் சென்ற ஏகபோக மனப்பான்மை மட்டும் பாழடையவில்லை.

கமக்காரனுக்கு என்ன கிடைக்கும்?

இது ஒரு போத்தலோடு முடிகிற கதையன்று. புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை. 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் இம்மாவட்டத்தின் லுணுவிலயிலேயே இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற் பாங்கிலே கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் விளைவிக்கிறார்கள். தென்னையும் மிளகாயும் பக்கத்துப் பக்கத்து வேலியில் வளரும் மண் இது. ஆனால் மிளகாய் விளைந்து குவியும் மாதத்தில் விலை விழுகிறது. தரகனின் தராசு ஆடுகிறது. கமக்காரன் கடனோடு வீடு திரும்புகிறான்.

கள்ளைப் புளிக்கவிட்டால் சில வாரங்களில் வினாகிரி ஆகும். அதில் மிளகாய் ஊறினால் உறைப்புச் சாறு. முறையாக வடித்த தென்னஞ் சாராயத்தில் மிளகும் மிளகாயும் ஊறினால், உலகச் சந்தையில் நல்ல விலைக்குப் போகக்கூடிய சரக்கு. மூலப்பொருள் அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில். எட்டாதிருப்பது அனுமதிப்பத்திரம் ஒன்றே. பெரும் வடிசாலைக்கு அளந்து தைத்த சட்டையைச் சிறு கூட்டுறவுக்கு அணிவித்தால் அது நடக்குமா? தடுக்கி விழும்.

கூட்டுறவால் முடியாது என்பாரை வடக்கே அழைக்கிறோம். 1970களில் தவறணை முதலாளிகளின் பிடியிலிருந்து சீவல் தொழிலாளரை மீட்க அங்கே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. அவற்றின் உழைப்போடு பிணைந்தது வடமராட்சியின் திக்கம் வடிசாலை. போரும் இடப்பெயர்வும் அவற்றை நொறுக்கின. ஆயினும் தொழிலாளி தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியும் என்பதை அவை நிலைநாட்டின. தெற்கே கரையோரத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் உயிரைப் பணயம் வைத்து நடக்கும் தொழிலாளிக்கு, அவன் தமிழனாயினும் சிங்களவனாயினும், அந்த உரிமை ஏன் கூடாது?

நாம் கேட்பவை

கேட்பவை நான்கு. அவற்றைத் தெளிவாகவே வைக்கிறோம்.

முதலாவது: தீர்வை செலுத்தி வாங்கிய மதுவில், விற்பனை நோக்கமின்றித் தன் வீட்டுப் பாவனைக்காக மிளகாய், மிளகு, பிற வாசனைச் சரக்குகளை ஊறவைப்பது 'உற்பத்தி' ஆகாது என்று 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணம் பாராளுமன்றத்தால் திருத்தப்படல் வேண்டும். திருத்தத்திற்கு ஒரு வாக்கியம் போதும்.

இரண்டாவது: விற்பனைக்கெனச் செய்ய விரும்பும் கமக்காரர், சீவல் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு அவற்றின் அளவுக்கேற்ற கட்டணத்தில் தனி அனுமதிப்பத்திரம் வகுக்கப்படல் வேண்டும். தரச் சோதனையும் தீர்வையும் அவர்களுக்கும் உண்டு. விலக்கு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது: மெதனோல் கலப்பைக் கண்டறியும் சோதனை வசதி இம்மாவட்டத்திலேயே அமைக்கப்படல் வேண்டும். மதுவரித் திணைக்களத்தின் ஆளும் வாகனமும் கசிப்புக்கும் செயற்கைக் கள்ளுக்கும் எதிராகத் திருப்பப்படல் வேண்டும்.

நான்காவது: மதுவரிச் சட்டமும் அதன்கீழ் வரும் அறிவித்தல்களும் கமக்காரன் வாசிக்கக்கூடிய தமிழில் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிடைக்க வேண்டும். அறியாத சட்டத்தை மீறியவன் என்று ஒருவனைத் தண்டிப்பதற்கு முன், அவன் அறிய வழி செய்வது அரசாங்கத்தின் கடன்.

சட்டத்தரணிகளே, இந்த வரைவிலக்கணத்தைப் படித்துப் பாருங்கள்; திருத்த வாசகத்தை எழுதித் தாருங்கள். கமக்காரரே, உங்கள் சங்கக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வைத்தியர்களே, கசிப்பால் வந்த நோயாளியின் நிலையை மக்களுக்கு எடுத்துக் கூறுங்கள். வாக்குக் கேட்டு இக்கரைக்கு வரும் எந்தக் கட்சிக்காரனிடமும் இந்த நான்கையும் எழுத்திற் கேளுங்கள். மறுமொழி எழுத்தில் வரட்டும். மேடைப் பேச்சில் வேண்டாம்.

நூறாண்டு கடந்த அந்நியச் சட்டம் ஒன்றுக்கு நம் குசினிக்குள் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பாராளுமன்றம் விடை சொல்லும் வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.